கருவி போயினும் அமைவு போகாதிருக்க

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவன் சங்க நூலைப் பற்றியோ கந்தபுராணத்தைப் பற்றியோ எழுதித் தருவான் என்றே எண்ணியிருப்பர். அவ்வாறு எழுதுதற்குத் தகுதியுடையார் வேறு பலர் உளர். யானோ, ஆசிரிய கலாசாலையிற் பெற்ற சான்றிதழிற் கணினி என்னும் சொல்லே இல்லாதவன். ஆயினும் ஆள் இன்மையாற் கல்லூரியின் கணினி ஆய்வுகூடத்துக்கும் வலையமைப்புக்கும் சில ஆண்டுகளாகப் பொறுப்பாளனாக இருந்து வருகின்றேன். அப்பொறுப்பிற் பட்டறிந்த ஒன்றை இங்குக் கூற விரும்புகின்றேன். அஃதாவது, வலையமைப்புக் கருவிகளின் அமைவைக் கட்டளைகளாற் படியெடுத்து வைத்தலும், வேண்டியபொழுது அதனை மீட்டலும் எவ்வாறு என்பதாம்.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது கல்லூரி வளவுக்கு அண்மையில் இடி விழுந்தது. மறுநாட் காலை அலுவலகத்துக் கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை. சென்று பார்த்தபொழுது ‘ரவுட்டர்’ எனப்படும் வழிச்செலுத்தியும் ‘சுவிச்’ எனப்படும் ஆளியும் உயிரற்றுக் கிடந்தன. அவை இரண்டும் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் அன்பளிப்பாக அனுப்பியவை. அவர்களுள் அத்துறை வல்லார் ஒருவர் விடுமுறையில் வந்து மூன்று நாள் தங்கி, அவற்றை அமைத்துத் தந்து சென்றார். பரீட்சை விண்ணப்பங்களை இணையவழி அனுப்ப வேண்டிய நாட்கள் நெருங்கிவிட்டமையால், பட்டினத்துக் கடையொன்றிற் சாதாரண ஆளி ஒன்றும் சிறிய வழிச்செலுத்தி ஒன்றும் வாங்கிப் பொருத்தினோம். அன்று பிற்பகலே எல்லாக் கணினிகளுக்கும் இணையம் வந்தது. அதிபரும் மகிழ்ந்தார், யானும் மகிழ்ந்தேன்.

மூன்று கிழமை கழிந்தபின், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். “சேர், ஒரு விடயம் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை” என்று தொடங்கினான். இவ்வாறு தொடங்கும் மாணவர் பெரும்பாலும் ஏதோ செய்தவராகவே இருப்பர் என்பது ஆசிரியர் அறிந்த உண்மை. ஆனால் இவன் உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை. “ஆய்வுகூடத்துக் கணினியில் அலுவலகத்துப் புள்ளிக் கோப்புகள் தெரிகின்றன, சேர். திறக்கவும் ஏலும் போலக் கிடக்கு” என்றான். சென்று பார்த்தேன். தவணைப் பரீட்சைப் புள்ளிகளும், மாணவர் குடும்ப விபரங்களும், விடுகைப் பத்திரப் பதிவுகளும் ஆய்வுகூடத்தின் எந்தக் கணினியிலிருந்தும் எட்டும்படியாகத் திறந்து கிடந்தன.

நடந்தது இதுதான். பழைய ஆளியில் அலுவலகம், ஆய்வுகூடம், நூலகம் என மூன்று தனித்தனி வலைகள் ஒரே கருவிக்குள் வகுக்கப்பட்டிருந்தன. இவ்வாறு ஒரே கருவிக்குள் வகுக்கப்படும் வலையை ‘வி-லான்’ என்பர். அலுவலகத்துக்கு 10, ஆய்வுகூடத்துக்கு 20, நூலகத்துக்கு 30 என எண் கொடுத்து, ஆய்வுகூடத்திலிருந்து வருவன அலுவலகத்துட் புகாதவாறு வழிச்செலுத்தியில் விதியும் எழுதியிருந்தார் அப்பழைய மாணவர். கடையில் வாங்கிய கருவிகளுக்கு அவ்விதிகள் ஒன்றும் தெரியா. அவை எல்லாரையும் ஒரே மண்டபத்தில் இருத்திவிட்டன. விற்றவரிடத்துப் பிழையில்லை, எமக்கு எது வேண்டும் என்று யாமே அறியாதிருந்தோம். இடி அழித்தது இரண்டு பெட்டிகளை மட்டும் அன்று. அவற்றுள் எழுதப்பட்டிருந்த ஒரு சுவரையும் அழித்தது. பெட்டி இல்லாமற் போனதை எல்லாரும் கண்டனர். சுவர் இல்லாமற் போனதை ஒரு மாணவன் மட்டுமே கண்டான்.

வல்லுநராகிய பழைய மாணவருக்குத் தொலைபேசியிற் பேசினேன். “அந்த அமைவின் படி என்னிடம் இல்லை, சேர். அது கருவிக்குள்ளேதான் இருந்தது” என்றார். பின்னர் அதே வகைக் கருவிகள் வந்து சேர, நினைவிலிருந்ததையும் ஊகித்ததையும் கொண்டு மூன்று இரவுகள் அவர் அங்கிருந்து சொல்ல யான் இங்கிருந்து எழுதி, அமைவு ஒருவாறு மீண்டது. அதன்பின்பே அவர் எனக்குப் படியெடுக்கும் முறையைக் கற்பித்தார். முன்னரே கற்பித்திருக்கலாம் என்று யான் கூறவில்லை. யானும் முன்னர்க் கேட்டிலேன்.

இனிப் பொருளுக்கு வருவோம். எம்மிடம் உள்ளவை ‘சிஸ்கோ’ கருவிகள். ஆகையால் அவற்றின் வழக்கையே கூறுவேன். கட்டளைகள் விசைப்பலகையில் ஆங்கில எழுத்திலே தட்டப்படுவன. இங்கு அவற்றை ஒலிப்படி தமிழெழுத்தில் தருகின்றேன்.

இத்தகைய கருவி ஒன்றின் அமைவு என்பது, ஒரு வரிக்கு ஒரு கட்டளையாக எழுதப்பட்ட ஓர் உரைக்கோப்பேயாகும். எந்தக் கதவு எந்த வி-லானைச் சேர்ந்தது, கருவியின் முகவரி யாது, யார் உள்ளே வரலாம் என்பன எல்லாம் அதிற் காணப்படும். அக்கோப்பு கருவிக்குள் இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று ‘றன்னிங்-கொன்பிக்’, இஃது இப்பொழுது நடைமுறையில் இருப்பது, மின் நின்றால் மறைந்துபோகும் நினைவகத்தில் உள்ளது. மற்றையது ‘ஸ்ராட்டப்-கொன்பிக்’, இது மின் நின்றாலும் அழியாத நினைவகத்தில் இருப்பது, கருவி மறுபடி எழும்பும்பொழுது முதலிற் படிப்பது. நாம் கட்டளையிட்டு ஒன்றை மாற்றினால் முன்னதே மாறும், பின்னது மாறாது. ஆகையால் இன்று செய்த திருத்தம் நாளைய மின்வெட்டோடு போய்விடக் கூடும். அதனைத் தடுப்பதற்கு ‘கொப்பி றன்னிங்-கொன்பிக் ஸ்ராட்டப்-கொன்பிக்’ என்னும் ஒரு கட்டளை போதும். இதனை மறந்து நள்ளிரவில் அல்லற்பட்டோர் உலகெங்கும் உளர்.

எனினும் இது கருவிக்குள்ளேயே வைத்த படி. கருவி எரிந்தால் இதுவும் எரியும். வெளியே கொண்டுவருதல் வேண்டும். அதற்கு ‘கொப்பி றன்னிங்-கொன்பிக் ரி.எப்.ரி.பி.:’ என்று தட்டினால், கருவி இரண்டு வினாக்களைக் கேட்கும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்பது ஒன்று; என்ன பெயரில் என்பது மற்றது. விடை கொடுத்தவுடன் திரையில் வியப்புக்குறிகள் வரிசையாகத் தோன்றினாற் கோப்புச் செல்கின்றது என்றும், வெறும் புள்ளிகள் தோன்றினால் எதிர்ப்பக்கம் விடை தரவில்லை என்றும் அறியலாம்.

இங்குக் கூறிய ரி.எப்.ரி.பி. என்பது மிக எளிய கோப்புப் பரிமாற்ற முறை. அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கரன் சொலின்ஸ் என்னும் அம்மையார் 1981இல் எழுதிய ஆர்.எப்.சி. 783 என்னும் ஆவணத்தில் அது வரையறுக்கப்பட்டு, 1992இல் ஆர்.எப்.சி. 1350ஆகத் திருத்தப்பட்டது. கோப்பை 512 பைற்றுத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை அனுப்பி, ‘பெற்றேன்’ என்னும் விடை வந்தபின்பே அடுத்ததை அனுப்பும். 512இலும் குறைந்த துண்டு வந்தால் அதுவே இறுதி. எங்கள் ஆளியின் அமைவு ஏறத்தாழ 5,200 பைற்று. எனவே பத்து முழுத்துண்டுகளும் ஒரு சிறு துண்டுமாகப் பதினொரு துண்டுகளிற் சென்று முடிந்துவிடும். ஒரு கண்ணிமைப் பொழுதுதான்! மூன்று இரவுகள் கண்விழித்து எழுதியது இக்கண்ணிமைப் பொழுதைச் செலவிடாத குற்றத்திற்காகவே.

பெறும் பக்கத்திலே, ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினி ஒன்றில் ரி.எப்.ரி.பி. சேவையகம் நிறுவியிருந்தோம். முதல்நாள் அது கோப்பை ஏற்க மறுத்தது. புதுக் கோப்பைத் தானாக உண்டாக்க அதற்கு இயல்பில் அனுமதி இல்லை. அப்பெயரில் வெறுங் கோப்பொன்றை முன்னரே உண்டாக்கி, எவரும் எழுதத்தக்கதாக்கி வைத்தல் வேண்டும், அன்றேற் புதுக்கோப்பு உண்டாக்கலாம் எனத் தொடக்கத்திலேயே அதற்குக் கூறிவைத்தல் வேண்டும். இச்சிறு விடயத்தை அறியாது ஒரு பிற்பகல் முழுதும் கழித்தேன்.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. இது கடவுச்சொல் கேட்பதில்லை. மறைத்து அனுப்புவதும் இல்லை. வழியில் இருந்து கேட்பவன் எல்லாவற்றையும் படிக்கலாம். அமைவுக் கோப்பிலோ கருவியின் கடவுச்சொற்கள் இருக்கின்றன. அவற்றுட் சில வலிய முறையிற் சிதைக்கப்பட்டவையாயினும், 7ஆம் வகை எனப்படுவது வெறும் கண்கட்டு வித்தை. அதனை அவிழ்க்கும் முறை உலகறிந்தது. ஆகவே எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியாகச் செல்லும் எஸ்.சி.பி. முறை கருவியில் உள்ளதாயின், ‘ரி.எப்.ரி.பி.:’ என்ற இடத்தில் ‘எஸ்.சி.பி.:’ என்று தட்டுதலே நன்று. படியெடுத்து முடிந்தபின்பும் அக்கோப்பு வீட்டுத் திறப்புக்கு ஒப்பானது. மாணவர் புழங்கும் கணினியில் அதனைக் கிடக்க விடலாகாது. யான் முதலில் அவ்வாறுதான் விட்டிருந்தேன். புள்ளிக் கோப்புகளைக் காக்கப் புறப்பட்டவன் செய்த வேலை இது.

சேவையகம் ஒன்றும் இல்லாதவிடத்தும் வழி உண்டு. கருவியின் ‘கொன்சோல்’ துவாரத்தில் அதற்குரிய கம்பியை மாட்டி, நொடிக்கு 9600 என்னும் வேகத்தில் இணைந்து, ‘ரேமினல் லெங்த் 0’ என்று முதலிற் கட்டளையிட்டு, பின்னர் ‘ஷோ றன்னிங்-கொன்பிக்’ என்றால் முழு அமைவும் திரையில் ஓடும். அதனைக் கோப்பாகச் சேமிக்கலாம். முதற் கட்டளையை விட்டுவிட்டால் ஒவ்வொரு திரைக்கும் இடையே ‘மோர்’ என்னும் சொல் புகுந்து படியைக் கெடுக்கும். ஏடு எழுதியவர் இடையே தன் பெயரை எழுதிவைத்தது போலாகும்.

ஏடு என்றதும் ஒன்று கூறத் தோன்றுகின்றது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றியது போன்ற பணிகளில், பல ஏடுகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பதே உயிரான வேலை. அதே வேலையைச் செய்யும் கட்டளை ஒன்று கணினியில் உண்டு என்று அறிந்தபொழுது யான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ‘டிஃப்’ என்பது அதன் பெயர். 1974 முதல் யுனிக்ஸ் முறைமையில் வழங்கி வருவது. சென்ற மாதப் படியையும் இம்மாதப் படியையும் கொடுத்தால், வேறுபடும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். போன வரிக்குக் கழித்தற்குறியும் வந்த வரிக்குக் கூட்டற்குறியும் இடச் செய்யலாம். தலைப்பிலுள்ள திகதியும் நேரமும் எப்பொழுதும் வேறுபடும். அவற்றைத் தள்ளிவிட்டு எஞ்சியதைக் காண்க. ஒருமுறை இவ்வாறு பார்த்தபொழுது, 17ஆம் கதவு ஆய்வுகூடத்திலிருந்து அலுவலகத்து வலைக்கு மாறியிருந்தது தெரிந்தது. அலுவலகத்திற் புதுக் கணினி வைக்கும்பொழுது யானே மாற்றி, யானே மறந்தது அது.

ஏட்டுக்கு உரை வேண்டுவதுபோல் அமைவுக்கும் வேண்டும். நாம் வியப்புக்குறியிட்டு எழுதும் குறிப்புரைகளை இக்கருவி சேமிப்பதில்லை, எறிந்துவிடும். ஆயின் ஒவ்வொரு கதவுக்கும் ‘டிஸ்கிறிப்சன்’ என்னும் கட்டளையாற் சிறு விளக்கம் எழுதலாம். அது படியிலும் வரும். ‘நூலகம், வடக்குச் சுவர்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, எமக்குப் பின் இப்பொறுப்பை ஏற்பவர்க்கு ஒரு நாள் வேலையை மிச்சமாக்கும்.

இனி மீட்பு. இங்கேதான் பெரும்பாலோர் இடறுவர். 2022 மார்கழி விடுமுறையில், உதிரியாக வந்த கருவிகளில் எங்கள் படிகளை ஏற்றிப் பார்த்தோம். எல்லாம் கையில் உண்டு என்னும் துணிவோடு தொடங்கினோம்.

முதலில் வழிச்செலுத்தி. ‘கொப்பி ரி.எப்.ரி.பி.: றன்னிங்-கொன்பிக்’ என்றோம். கோப்பு ஏறியது, கதவுகள் திறக்கவில்லை. காரணம் இது. நடைமுறை அமைவின் மேற் படியை ஏற்றினால் அது பழையதை நீக்கிப் புதியதை வைப்பதன்று, இரண்டையும் கலப்பதாகும். படியில் இல்லாத வரி கருவியில் இருந்தால் அஃது அப்படியே இருக்கும். புது வழிச்செலுத்தியின் கதவுகள் ‘ஷட்டவுன்’ என மூடப்பட்ட நிலையில் வருவன. திறந்திருத்தலோ படியில் ஒரு வரியாகத் தோன்றுவதில்லை. ஆகவே மூடியவை மூடியபடியே கிடந்தன. படியை ஸ்ராட்டப்-கொன்பிக் என்னும் இடத்தில் ஏற்றி, ‘ரீலோட்’ என்று கருவியை மறுபடி எழுப்பினால் இவ்வில்லங்கம் இல்லை. ‘கொன்பிகர் றிப்ளேஸ்’ என்னும் கட்டளை உள்ள கருவிகளில் அதுவும் ஒரு நல்வழி; அது வேறுபாட்டை ஆராய்ந்து, மிகையானதை நீக்கிக் குறைந்ததைச் சேர்க்கும்.

அடுத்து ஆளி. கற்ற பாடத்தின்படி ஸ்ராட்டப்-கொன்பிக்கில் ஏற்றி எழுப்பினோம். கருவி எழுந்தது, கதவுகள் செத்துக் கிடந்தன! இன்ன கதவு 20ஆம் வலையைச் சேர்ந்தது என்று அமைவு கூறுகின்றது. ஆனால் 20ஆம் வலை என ஒன்று உண்டு என்று கருவிக்குத் தெரியவில்லை. ஏனெனில், இவ்வகை ஆளிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில், வலைகளின் பட்டியலை அமைவுக் கோப்பில் எழுதாது, ‘வி-லான்.டாற்’ என்னும் வேறொரு கோப்பிற் பிளாஷ் நினைவகத்தில் வைக்கின்றன. யாம் அதனைப் படியெடுக்கவே இல்லை. நல்லவேளையாகப் பழுதுபடாத ஆளி அருகிலேயே ஓடிக்கொண்டிருந்தமையால் அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். இப்பரிசோதனையை அன்று செய்யாது, அடுத்த இடி விழுந்தபின் செய்திருப்போமாயின், சுவரை மறுபடியும் ஊகித்தே கட்டியிருப்போம். வி.ரி.பி. என்னும் முறையை ‘ட்ரான்ஸ்பேரன்ட்’ நிலைக்கு மாற்றினால் வலைகளின் பட்டியலும் அமைவுக் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். பின்னர் அவ்வாறே மாற்றிக்கொண்டோம்.

மூன்றாவதாக, தூரத்திலிருந்து எஸ்.எஸ்.எச். மூலம் உள்ளே செல்ல முடியவில்லை. அதற்கு வேண்டிய மறைதிறப்பு பாதுகாப்புக் கருதி அமைவுக் கோப்பில் வருவதில்லை. புதுக் கருவியில் ‘கிறிப்ரோ கீ ஜெனரேற் ஆர்.எஸ்.ஏ.’ என்று புதிதாக உண்டாக்க வேண்டும். இதனை அறிந்தோர்க்கு அரை நிமிட வேலை.

தூரத்திலிருந்து அமைவை மாற்றுவோர்க்கு இன்னொன்றும் கூறவேண்டும். தவறான ஒரு வரி நம்மையே வெளியே பூட்டிவிடக் கூடும். அதற்கு முன்காப்பாக, மாற்றத் தொடங்குமுன் ‘ரீலோட் இன் 10’ என்று கட்டளையிடுக. மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் இல்லை என்க. பத்து நிமிடத்தில் நாம் நிறுத்தாவிட்டாற் கருவி தானே மறுபடி எழுந்து, சேமித்த பழைய அமைவுக்குத் திரும்பும். எல்லாம் நன்றாயின் ‘ரீலோட் கான்சல்’ என்று நிறுத்திவிடலாம். ‘ஜுனிப்பர்’ கருவிகளில் இவ்வொழுங்கு இன்னும் செம்மையாக உள்ளது. ‘கொமிற் கொன்பேம்ட்’ என்றால், பத்து நிமிடத்துள் உறுதிப்படுத்தாத மாற்றம் தானே நீங்கும்; முந்தைய அமைவுகளும் நடைமுறையிலுள்ளது உட்பட 50 வரை வைத்திருந்து, ‘றோல்பாக் 1’ என்றவுடன் முன்னதற்குத் திரும்பலாம். லற்வியா நாட்டு ‘மைக்ரோரிக்’ கருவிகள் எம்மவர் இடங்களிலும் காணப்படுகின்றன. அவற்றில் ‘எக்ஸ்போட்’ என்பது படிக்கத்தக்க உரைக்கோப்பைத் தரும். ‘சிஸ்டம் பாக்கப் சேவ்’ என்பது அதே கருவிக்கே மீள ஏற்றுதற்குரிய மூடிய கோப்பைத் தரும். கருவியே எரிந்தபின் உதவுவது முன்னது. ஆகையால் இரண்டையும் எடுத்தல் வேண்டும்.

நூற்றுக்கணக்கான கருவிகளை உடைய நிறுவனங்கள் ‘ரான்சிட்’, ‘ஒக்சிடைஸ்ட்’ என்னும் மென்பொருள்களால் நாள்தோறும் தாமே படியெடுத்து வேறுபாட்டைக் கண்டு அறிவிக்கச் செய்கின்றன. எமக்கு உள்ளவையோ இரண்டு கருவிகள். தவணைக்கு ஒருமுறையும், மாற்றம் செய்த அன்றும் கையால் எடுத்தாற் போதும். கோப்பின் பெயரிற் கருவியின் பெயரும் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் திகதியும் இருந்தால் அவை தாமே காலமுறைப்படி அடுக்கிக்கொள்ளும். ‘புதியது’, ‘மிகப் புதியது’ என்று பெயரிட்ட கோப்புகளால் யான் பட்ட பாட்டைக் கூறப் புகுந்தால் மலரின் பக்கம் போதாது.

படியை எங்கே வைப்பது? 2021 ஒக்ரோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் நின்றன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையமைப்பை முழுதுமாகத் துண்டித்துவிட்டது. அத்தகைய தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் ஒரு வழு இருந்தது. வலையமைப்பே இல்லாமற் போனமையால், அதனைச் சரிசெய்வதற்கான கருவிகளும் அவ்வழியே எட்டாமற் போயின; பொறியியலாளர் நேரே தரவு நிலையங்களுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. எங்களுடையது இரண்டு பெட்டிகளே எனினும் நிலைமை ஒன்றே. ஆளி செத்தபின் சேவையகத்திலுள்ள படியை எப்படி எடுப்பது? ஆகவே ஒரு படி நினைவுக்கோலிலும், ஒரு படி தாளில் அச்சிட்டும் அதிபர் அறை இரும்புப் பெட்டியில் வைத்துள்ளோம். கொன்சோல் கம்பியும் அதனுள்ளேயே இருக்கின்றது. மூன்றாவது படி கடவுச்சொல்லிட்டு மூடப்பட்டு, முன்னே கூறிய பழைய மாணவரிடம் இருக்கின்றது.

கல்லூரிக்குக் கருவிகள் உதவும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் கையால் அமைத்துத் தரும் எதற்கும், புறப்படுமுன் அமைவின் படியொன்றை எடுத்து, இரண்டு பக்கக் குறிப்போடு அதிபரிடம் கொடுத்துச் செல்க. கருவியை மறுபடி வாங்கலாம். அலுவலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே சுவர் வேண்டும் என்று தாங்கள் நினைந்தது கடையிற் கிடையாது.

சென்ற மார்கழி விடுமுறையிலும் மீட்டுப் பார்த்தோம். உயர்தர மாணவர் இருவர், என் உதவியின்றி, தாளிலுள்ள குறிப்பை மட்டும் பார்த்து உதிரிக் கருவிகளை எழுப்பினர். 40 நிமிடம் எடுத்தது. அதிற் பத்து நிமிடம் இரும்புப் பெட்டியின் திறப்பைத் தேடுவதிற் கழிந்தது. அதன்பின் மாடிக் கட்டடத்துக்குக் கம்பி இழுத்து, நான்கு கதவுகளின் அமைவை மாற்றியுள்ளோம். அவற்றுக்குரிய படி இன்னும் எடுக்கப்படவில்லை. இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டு, நேரே அங்கேதான் செல்லவேண்டும்.